கரவெட்டியில் வாங்கிய பெட்டி

காருக்கு சப்வூஃபர் பூட்டப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் மனைவி சிரித்தாள்.

"உது மீசை முளைக்கிற பொடியளின்ரை வேலையெல்லே? உங்களுக்குத் தலை நரைச்சுப்போச்சு."

அவள் சிரித்ததில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் காருக்குள் அப்படிச் சத்தம் வைத்துக்கொண்டு ஓடுபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். வெளிநாட்டிலிருந்து அண்ணனோ அக்காவோ அனுப்பிய காசில் வாகனம் வாங்கியவர்கள். நான் அச்சுவேலியில் பழரசம் போத்தலில் அடைக்கும் ஒரு சிறிய தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். அவள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். பிள்ளைகள் இல்லை. பழைய நீலக் கார் ஒன்று இருந்தது. சிறியது.

எனக்குத் தவில் பைத்தியம். கோயில் திருவிழாக்களில் கூட்டத்தோடு நின்று கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டு வருவேன். அதைக் காரில் போட்டால் விரல்களால் வாசிக்கும் வலந்தலையின் சத்தம் மட்டும்தான் வரும், அதுவும் தகரப் பேணியில் தட்டுவது போல. தொப்பி என்ற இடப்பக்கத்தில் தடியால் விழும் அடி, நேரில் நின்றால் வயிற்றுக்குள் கேட்கும் அந்த அடி, காருக்குள் இல்லவே இல்லை. கதவில் இருந்த சிறிய ஸ்பீக்கர்களால் அதைத் தர முடியாது. இதை நான் மனைவிக்கு விளங்கப்படுத்தினேன். அவள் கேட்டுவிட்டு, "சரி, கன காசு போடாமல் செய்யிறதெண்டால் செய்யுங்கோ" என்றாள்.

யாழ்ப்பாணம் நகரில் காருக்குப் பாட்டுச் சாமான் பூட்டும் கடை ஒன்று எனக்குத் தெரியும். கடைக்காரர் என் வயதுக்காரர். பெடியன்களோடு கதைத்துக் கதைத்துக் களைத்தவர் போல இருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் முதலில் கேட்டது, "அண்ணை, என்ன பாட்டுக் கேப்பியள்?" என்பதுதான்.

"தவில்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப உங்களுக்குப் பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் தேவையில்லை. பத்துக் காணும். பெட்டியிலைதான் விசயம் இருக்கு. குழாய் வைச்ச பெட்டி எண்டால் சத்தம் கூட, ஆனால் அடி விழுந்து முடிஞ்ச பிறகும் இழுத்துக்கொண்டு நிக்கும். அடைச்ச பெட்டி எண்டால் விழுந்த அடி விழுந்த இடத்திலையே நிக்கும். தவிலுக்கு அதுதான் வடிவு."

"அப்ப ஸ்பீக்கரைவிடப் பெட்டிதான் முக்கியம் எண்டுறியள்?"

"ஓம். உள்ளை இருக்கிற காத்துத்தான் ஸ்பீக்கருக்கு மெத்தை. காத்துக் குறைஞ்சால் என்ன விலை குடுத்து வாங்கின ஸ்பீக்கரும் இருமத்தான் செய்யும். மற்றது, அம்பிளிபயருக்கு மேலை எழுதியிருக்கிற வாட்ஸை நம்பாதையுங்கோ. அது கலியாண வீட்டுக்கு அடிக்கிற பெயின்ற் மாதிரி."

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவர் சொன்ன விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. இறக்குமதி நின்ற காலத்தில் ஏறிய விலைகள் பிறகு இறங்கவேயில்லை என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பழசு பாருங்கோ. பழைய ஸ்பீக்கரும் பெட்டியும் பரவாயில்லை. வயரை மட்டும் புதுசா வாங்குங்கோ, பியூஸைப் பற்றறிக்குக் கிட்டப் போடவேணும். பழைய வயர்தான் காரை எரிக்கிறது" என்று தானே வழி சொல்லிக் கொடுத்தார். நான் அன்றைக்கு வயரைப் பற்றித்தான் பயந்தேன். பெட்டியைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

பழைய சாமான் விற்கும் இணையப் பக்கம் ஒன்றில் சில நாட்களாகத் தேடினேன். கரவெட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. பத்து இஞ்ச் ஸ்பீக்கர், அடைத்த பெட்டி, சாம்பல் நிறக் கம்பளம் ஒட்டியது. விலை நம்பமுடியாத அளவு குறைவு. அதில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். தம்பியுடைய சாமான், அவன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான், தான் கிளிநொச்சியில் இருப்பதால் அம்மாவிடம் போய் எடுக்கும்படி சொன்னாள்.

மறுநாள் பின்னேரம் போனேன். தோட்டங்களுக்கு நடுவே ஒழுங்கை குறுகிக்கொண்டு போனது. கடைசி வீடு. அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள். படலையைத் திறக்க முன்னமே, "ஆர்?" என்று கேட்டார். நான் சொன்ன பிறகும் ஒழுங்கையின் அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். பெட்டி மாட்டுக்கொட்டிலில் படங்கு விரிப்புக்குக் கீழே கிடந்தது. மாடு இல்லை.

"மகன் வான் ஓடினவன் தம்பி. கொழும்புக்கு. வானை லீசிங்காரர் கொண்டு போட்டினம். உதை மட்டும் கழட்டி வைச்சிட்டுப் போனவன். எனக்கு உது கண்ணிலை படக்கூடாது. கொண்டு போங்கோ."

நான் தூக்கிப் பார்த்தேன். முதுகு பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. நல்ல தடித்த பலகை போட்டுச் செய்திருக்கிறார்கள், அதுதான் இந்தப் பாரம் என்று சந்தோசப்பட்டேன். ஒருவாறு காரின் டிக்கிக்குள் ஏற்றினேன். அந்த அம்மா கை கொடுக்கவில்லை. பெட்டிக்குக் கிட்டவும் வரவில்லை. எங்கேயோ நாய் குரைத்தபோது மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எந்த ஊர் தம்பி?"

"அச்சுவேலி."

"ஆரும் கேட்டால் என்னட்டை வாங்கினதெண்டு சொல்லாதையுங்கோ, என்ன?"

ஏன் என்று நான் கேட்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்கக் கேட்க மனம் வரவில்லை. கடன்காரர் யாரும் தேடி வருகிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீடு வந்து சேரும்வரை அந்த முகம் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை கடைக்காரர் பூட்டித் தந்தார். புது வயர், பியூஸ், சிறிய அம்பிளிபயர் எல்லாம் அவரிடமே வாங்கினேன். என் தவில் பதிவைப் போட்டோம். அடி வந்தது. ஆனால் அது அடி அல்ல. தலையணைக்குள் யாரோ இருமுவது போல ஒரு சத்தம். கடைக்காரர் டிக்கிக்குள் தலையை விட்டுக் கேட்டார். கம்பளத்தைக் கையால் தட்டினார்.

"அண்ணை, வெளியிலை பார்த்தால் பெட்டி பெரிசு. சத்தம் சின்னப் பெட்டிச் சத்தம். எனக்கு விளங்கேல்லை. கிழமை நாளிலை கொண்டு வாங்கோ, ஸ்பீக்கரைக் கழட்டிப் பாப்பம்."

ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அண்ணை, வணக்கம். கரவெட்டியிலை ஒரு பெட்டி வாங்கினனீங்களோ?" இளம் குரல். மிகவும் பணிவான குரல்.

ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நீங்கள் ஆர்?" என்றேன்.

"அது பிழையா வித்துப்போட்டினம் அண்ணை. என்ரை சினேகிதன்ரை சாமான். ஸ்பீக்கரை நீங்களே வைச்சிருங்கோ. பெட்டியை மட்டும் தாங்கோ. நீங்கள் குடுத்த காசைப்போலை ரெண்டு மடங்கு தாறம்."

"பெட்டியை மட்டுமோ?"

"ஓம் அண்ணை. பெட்டியை மட்டும்."

ஸ்பீக்கர் இல்லாத வெறும் பெட்டியை எவன் இரண்டு மடங்கு விலைக்கு வாங்குவான்? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிக்க என்ன இருக்கு அண்ணை?" என்று அவன் சிரித்தான். "நீங்கள் அச்சுவேலிதானே? நீலக் கார். நாங்களே வந்து எடுக்கிறம், உங்களுக்கு என்னத்துக்கு அலைச்சல்." அழைப்பு அறுந்தது.

என் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். அவன் என்னை வெருட்டவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயத்தைத் தந்தது. மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலடியில் மெதுவாகப் போனது. சந்திவரை போய்த் திரும்பி, மறுபடி மெதுவாக வந்தது. இருவர் இருந்தார்கள். அந்தச் சந்தியில் திரும்பி வருபவர்கள் எத்தனையோ பேர். அன்றைக்கு அந்த இருவரும் எங்களைத்தான் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"கேற்றைப் பூட்டுங்கோ" என்றாள் அவள். பூட்டினேன். பிறகு காரைக் கராச்சுக்குள் விட்டுக் கராச் கதவையும் சாத்தி, பெட்டியை டிக்கியிலிருந்து இறக்கினோம்.

அவள் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தாள். பெட்டியின் வெளியே நீளம், உயரம், ஆழம் எல்லாம் அளந்தாள். நான் திருகாணிகளைக் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுத்தேன். உள்ளே வெறுமை. மஞ்சள் பலகை, மூலைகளில் பசை. வேறு ஒன்றும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

"ஒண்டும் இல்லையப்பா" என்றேன்.

அவள் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, உள்ளே பின்பலகையில் முட்டும்வரை விட்டாள். முகப்பு வந்த இடத்தில் நகத்தால் பிடித்தபடி வெளியே எடுத்து, பெட்டியின் பக்கத்தில் வெளிப்புறமாக வைத்துப் பார்த்தாள். ஈர்க்கு பின்பக்கம்வரை போகவில்லை. ஒரு சாண் அளவு மிச்சம் இருந்தது.

"பின்பலகை இவ்வளவு தடிப்போ?" என்றாள். அவள் குரல் மாறிவிட்டது.

நான் பெட்டியைத் திருப்பினேன். பின்பக்கக் கம்பளத்தின் ஓரம் ஒரு பக்கம் புதுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அதை உரித்தபோது பலகையில் திருகாணித் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. திருப்புளியால் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பலகை விலகியதும் மணம்தான் முதலில் வந்தது. காய்ந்த புல்லைப் புழுங்க வைத்தது போல, மூக்கில் ஒட்டிக்கொள்ளும் மணம். மண்ணிற ஒட்டுநாடா சுற்றிய பொதிகள், செங்கல் அடுக்கியது போல இடைவெளியில்லாமல் அடுக்கப்பட்டிருந்தன.

எங்கள் இருவருக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையிருக்கவில்லை. கடற்கரையில் பிடித்த கேரளக் கஞ்சாப் பொதிகளின் படம் கிழமைக்கொரு தரம் பேப்பரில் வருகிறது. இதே ஒட்டுநாடா. பொதிகளுக்குப் பின்னால் தலைகுனிந்தபடி சில பேர் நிற்பார்கள். அந்த இடத்தில் நான் என்னைப் பார்த்தேன். பக்கத்தில் என் மனைவியைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பேப்பரைப் பார்ப்பார்கள்.

அவள் சீமெந்துத் தரையில் அப்படியே இருந்துவிட்டாள்.

"மூடிப்போட்டுக் குடுப்பம்" என்றேன் நான். "நாங்கள் திறக்கவேயில்லை எண்டு குடுத்திடுவம்."

"உரிச்ச கம்பளத்தை என்னெண்டு ஒட்டுவியள்? அவங்களுக்கு விளங்காதோ? பிறகு, நாங்கள் பார்த்தனாங்கள் எண்டு தெரிஞ்சால் சும்மா விடுவாங்களோ?"

"அப்ப எரிப்பம்."

"ஊர் முழுக்க மணக்கும்."

"பொலிசுக்குச் சொல்லுவம்."

"எங்கடை வீட்டிலை, எங்கடை கராச்சுக்குள்ளை, எங்கடை காருக்குள்ளை வந்தது. ஆர் நம்புவினம்? பிணைகூடக் கிடையாது எண்டு சொல்லுறவை." பிறகு, "அந்த மனுசியை முதல் பிடிப்பினம்" என்றாள். அவள் கரவெட்டி அம்மாவைக் கண்டதே இல்லை. நான் சொல்லித்தான் தெரியும்.

எந்தப் பக்கம் போனாலும் சுவர். வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் ஒவ்வொன்றும் கேட்கும்போது இருவரும் கதையை நிறுத்திவிடுவோம். அது கடந்து போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். கடைசியில் மனைவியோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் கணவர் சாவகச்சேரியில் சட்டத்தரணி என்பது நினைவு வந்தது. அவரை அழைத்தோம். அவர் நடுவில் ஒன்றும் கேட்காமல் முழுவதையும் கேட்டார்.

"ஒண்டையும் தொடாதையுங்கோ. காரை ரோட்டுக்கு எடுக்கவே எடுக்காதையுங்கோ. வழியிலை மறிச்சால் உங்களை ஆராலும் காப்பாத்தேலாது. நான் பொலிசோடை கதைச்சு, நானும் அவையோடை வாறன். அதுவரைக்கும் கேற்றைத் திறக்கவேண்டாம்."

"அந்த அம்மாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லவேணும்" என்றாள் மனைவி. சட்டத்தரணி வேண்டாம் என்றிருப்பார். நாங்கள் அவரிடம் கேட்கவில்லை. கிளிநொச்சி மகளிடம் எண் வாங்கி அழைத்தோம். மனைவிதான் கதைத்தாள். அந்த அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு, "வீடு எந்த ஒழுங்கை?" என்று மட்டும் கேட்டார். அவர் வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஓட்டோ பிடித்துக்கொண்டு, பொலிசுக்கு முன்னமே வந்து இறங்கினார்.

கராச்சுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குனிந்து பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழவில்லை.

"அவன் போன நாளிலை இருந்து வாறாங்கள் தம்பி. 'சாமானை எங்கை வைச்சவன், சாமானை எங்கை வைச்சவன்' எண்டு. என்ன சாமான் எண்டு எனக்குத் தெரியாது. வீடு முழுக்கக் கிண்டினாங்கள். நெல்லு மூட்டையைக் குத்திப் பார்த்தாங்கள். இது மாட்டுக்கொட்டிலிலை கிடந்தது, ஒருத்தனும் பார்க்கேல்லை. நேற்றுத்தான் வந்து பெட்டி எங்கை எண்டு கேட்டாங்கள். அவனே சொல்லிப்போட்டான் போலை. வித்துப்போட்டன் எண்டன். என்ரை போனைப் பறிச்சு மகளோடை கதைச்சு உங்கடை நம்பரை எடுத்துப்போட்டுத்தான் திருப்பித் தந்தவங்கள். ஊரையும் காரின்ரை நிறத்தையும் சொன்னது நான்தான். கழுத்திலை பிடிச்சவங்கள் தம்பி, சொல்லிப்போட்டன்."

மனைவி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். விறாந்தைக் கதிரையில் இருத்தினாள். நாங்கள் மூவரும் கேற்றைப் பார்த்தபடி இருந்தோம். முதலில் யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி. சட்டத்தரணியை மறுபடி அழைத்தேன். வந்துகொண்டிருக்கிறோம் என்றார். வெயில் முற்றத்தில் விறைத்துக்கொண்டு நின்றது.

மோட்டார் சைக்கிள்தான் முதலில் வந்தது.

இருவர். காலையில் போனவர்கள்தானா என்று என்னால் சொல்ல முடியாது. சைக்கிளை ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பின்னால் இருந்தவன் இறங்கினான். அவன் இருந்த இடத்துக்கு முன்னால், இருக்கையில், உரப்பையால் சுற்றி வாள்போல நீளமான ஒன்று இருந்தது. அது என்னவென்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியும் இருக்கவில்லை. இறங்கியவன் கேற்றைப் பிடித்து ஆட்டினான்.

"அண்ணை! காலமை கதைச்சனான். திறவுங்கோ."

நான் எழும்ப நினைத்தேன். மனைவி என் தோளைப் பிடித்து இருத்தினாள். அதற்குள் அந்த அம்மா எழும்பிப் போய்விட்டார். மெலிந்த அந்த உடம்பு முற்றத்தைக் கடந்து போவதை நாங்கள் பார்த்தோம். கேற்றுக் கம்பிக்கு இந்தப் பக்கம் போய் நின்றார்.

"டேய், நீயோ?"

அவன் திடுக்கிட்டான். "அம்மா, நீங்கள் ஏன் இஞ்சை? நீங்கள் உள்ளை போங்கோ. இது உங்கடை அலுவல் இல்லை."

"என்ரை அலுவல் இல்லையோ? என்ரை வளவுக்குள்ளை வந்து கிண்டினது ஆர்? என்ரை குசினியிலை இருந்து புட்டுத் திண்டனியெல்லே? 'அம்மா இன்னும் கொஞ்சம் சம்பல் போடுங்கோ' எண்டு கேட்டனியெல்லே? நேற்று நான் கழுத்து நோவிலை படுத்துக் கிடந்தனான், அது உன்ரை கைதானே?"

"அம்மா, சத்தம் போடாதையுங்கோ."

"போடுவன். பொலிசு வருகுது. நான்தான் கூப்பிட்டனான். இந்தத் தம்பிக்கும் பிள்ளைக்கும் ஒண்டும் தெரியாது. வெட்டுறதெண்டால் என்னை வெட்டு. ஒளிச்சிருந்து வெட்டாதை, இப்ப வெட்டு, எல்லாரும் பார்க்கட்டும்."

பக்கத்து மதிலுக்கு மேலால் தலைகள் எழும்பின. எதிர்வீட்டுக்காரர் சாறத்தோடு வெளியே வந்து நின்றார். இன்னும் யாரோ ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். யாரும் கிட்டே வரவில்லை, ஆனால் யாரும் உள்ளே போகவும் இல்லை. ஹெல்மெட் போட்டவன் இயந்திரத்தை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தான். "ஏறடா" என்றான். கேற்றைப் பிடித்தவன் கையை எடுத்தான். அந்த அம்மாவைத் தாண்டி, விறாந்தையில் இருந்த என்னைப் பார்த்தான்.

"அண்ணை, நாங்கள் மறக்கமாட்டம்" என்றான். காலையில் கேட்ட அதே பணிவான குரல்.

அவர்கள் போன பிறகும் அந்த அம்மா கேற்றுக் கம்பியை விடவில்லை. மனைவி போய் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. "நீங்கள் கூப்பிடேல்லையே அம்மா" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "ஆர் கூப்பிட்டால் என்ன பிள்ளை" என்றார் அவர். அப்போதுதான் அழத் தொடங்கினார்.

பொலிஸ் வந்தது. சட்டத்தரணியும் வந்தார். நல்லது செய்தவர்களை நடத்துவது போல எங்களை யாரும் நடத்தவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மாற்றிக் கேட்டார்கள். சத்தம் சரியில்லை என்று பெட்டியைக் கழற்றினேன் என்றபோது ஒருவர் சிரித்தார். கடைக்காரரை அழைத்து விசாரித்தார்கள். அவர் பெட்டியின் அளவையும் சத்தத்தையும் பற்றி நான் சொன்னதையே சொன்னார். மனைவி ஈர்க்கை வைத்து அளந்து காட்டினாள். பின்னேரம்வரை நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தோம். பெட்டியோடு ஸ்பீக்கரையும் வழக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மாவின் வாக்குமூலம்தான் நீளமானது. மகனுடைய பெயர், வான், அவனோடு திரிந்தவர்கள், எல்லாவற்றையும் சொன்னார். மகன் இனி ஊர்ப்பக்கம் வர முடியாது என்பது தெரிந்தே சொன்னார். அவரைத் தடுத்து வைப்பார்களோ என்று நாங்கள் பயந்தோம். சட்டத்தரணி அவருக்காகவும் கதைத்தார். சாட்சியாகவே எடுத்தார்கள்.

கேற்றைப் பிடித்து ஆட்டியவனைச் சில கிழமைகளில் பிடித்து, வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைத்தார்கள். ஹெல்மெட் போட்டவனை இன்றுவரை பிடிக்கவில்லை. அவனுடைய முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கடையில் எனக்கு அருகே நின்று மரக்கறி வாங்குபவன் அவனாக இருக்கலாம். தொழிற்சாலைக்கு வேலை கேட்டு வருபவன் அவனாக இருக்கலாம். இளைஞன் ஒருவன் பணிவாக "அண்ணை" என்று கூப்பிட்டால் என் முதுகு குளிரும். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம் கொஞ்சம் பிந்தினாலும் நான் சந்திக்குப் போய் நிற்பேன். அவளும் என்னை அப்படித்தான் பார்த்து நிற்கிறாள். நாய் ஒன்று வளர்க்கத் தொடங்கினோம். அது எல்லாவற்றுக்கும் குரைக்கிறது. அதனால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்த அம்மா கிளிநொச்சி மகளோடு போய் இருக்கிறார். வழக்குத் தவணைகளுக்கு வரும்போது முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மகன் இப்போது அவரோடு கதைப்பதில்லை. "உயிரோடை இருக்கிறான், அது காணும்" என்பார், நாங்கள் கேட்காமலே.

போன தவணை முடிந்து மூவரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்ட, மனைவி பக்கத்தில், அந்த அம்மா பின்னால். நகரத்தைக் கடந்து, தோட்டங்கள் தொடங்கும் இடத்தில், கண்ணாடியில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டேன். இருவர். நான் மெதுவாக்கினால் அதுவும் மெதுவானது. வேகமாக்கினால் அதுவும் வேகமாக வந்தது. மனைவி கதையை நிறுத்தினாள். பின்னால் அந்த அம்மா என் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் திரும்பிப் பார்க்காமலே கண்டுவிட்டார் என்று எனக்கு விளங்கியது.

வீதி அகன்ற இடத்தில் அது எங்களை முந்தியது. ஒரு தகப்பன். பின்னால் சீருடையில் ஒரு பெண்பிள்ளை, முதுகில் புத்தகப்பை. ஒழுங்கை ஒன்றுக்குள் திரும்பிப் போய்விட்டார்கள்.

நான் காரை மெதுவாக்கினேன்.

"பயந்திட்டியளோ தம்பி?" என்று அந்த அம்மா பின்னாலிருந்து கேட்டார்.

"ஓம் அம்மா."

"நானும்தான்" என்றார் அவர். பிறகு, வீதியோரம் குவித்து விற்ற வெண்காயத்தைக் கண்டு, "கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, மகளுக்கு வாங்கவேணும்" என்றார்.